நூல் பாதியில தீர்ந்துடுச்சா? காத்திருக்கறதா, மாத்து நூலா, டிசைனை மாத்தறதா, பிரிச்சுடறதா

"அக்கா, முதுகுப்பக்கம் முடிச்சுட்டேன், முன்பக்கம் பாதி ஆயிடுச்சு, கை ரெண்டுக்கும் நூல் பத்தாது போல இருக்கு, வாங்கின கடையில கேட்டா அந்த கலர் இனிமே வராதுங்கறாங்க, இப்ப என்ன பண்றது?" ஸ்வெட்டர் பின்னறவங்க கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. சில பேருக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்டர் கேன்சல் ஆயிடுது, சிலருக்கு பார்சல் கஸ்டம்ஸ்ல போய் உக்காந்துக்குது, சிலருக்கு வந்த நூல் போட்டோல பாத்த கலரே கிடையாது.

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனா ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன், முடிவை கடைசி உருண்டை கையில இருக்கும்போதே எடுத்துடுங்க. பழைய நூல் கொஞ்சம் மிச்சம் இருந்தாத்தான் புது லாட்டோட (லாட்னா ஒரே தடவையில சாயம் போட்ட நூல் தொகுதி) கலந்து பின்ன முடியும், கோடு கோடா போட முடியும், பார்டரையாவது அதே நூல்ல முடிக்க முடியும். "பாத்துக்கலாம்"னு கடைசி மீட்டர் வரைக்கும் பின்னிட்டு அப்புறம் யோசிச்சா இந்த வழியெல்லாம் போயிடும், மிஞ்சறது பிரிக்கறது ஒண்ணுதான்.

முதல்ல இதையெல்லாம் பாத்துக்கோங்க

யாருக்கு, எப்போ வேணும்? மார்கழிக்குள்ள பொறக்கப்போற குழந்தைக்குன்னா தேதி நகராது, உங்களுக்கே போட்டுக்கறதுன்னா ஆறு மாசம் ஆனாலும் யாரும் கேக்கப்போறதில்ல. இந்த ஒரு விஷயத்துலயே பாதி முடிவு வந்துடும்.

யார் துவைக்கப்போறாங்க? டொரான்டோல இருக்கற அண்ணன் பொண்டாட்டி கைக்குழந்தையையும் வேலையையும் பாத்துக்கிட்டு குழந்தை ஸ்வெட்டரை தனியா எடுத்து வெச்சு கையில அலசிட்டு இருக்க மாட்டாங்க, மெஷின்ல போட்டு டிரையர்லயும் போட்டுடுவாங்க. சாதா கம்பளி வெந்நீர்ல சுத்தினா சுருங்கி ஃபெல்ட், அதாவது கம்பளம் மாதிரி கெட்டியா ஆயிடும். அங்க அனுப்பறதுக்கு அக்ரிலிக்கோ, மெஷின்ல துவைக்கற மாதிரி பதப்படுத்தி சூப்பர்வாஷ்னு லேபிள்ல போட்டிருக்கற கம்பளியோதான் சரி. நம்ம ஊர் கடையில உல்லன்னு கேட்டா பெரும்பாலும் அக்ரிலிக்தான் எடுத்துக் குடுப்பாங்க, அதனால லேபிளைத் திருப்பி என்ன நூல்னு பாத்துடுங்க.

எவ்ளோ முடிஞ்சிருக்கு? பார்டர் மட்டும் போட்டிருந்தா பிரிக்கறது ஒண்ணும் பெரிய விஷயம் கிடையாது. உடம்பு முழுக்க முடிஞ்சு கை மட்டும் பாக்கின்னா அதைக் காப்பாத்தற வழியைத்தான் தேடணும்.

மிச்சம் எத்தனை மீட்டர் இருக்கு? இதைத்தான் யாரும் பாக்கறதில்ல, எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். சமையலறைத் தராசு போதும். உருண்டையை எடை போடுங்க, 10 வரிசை பின்னுங்க, திரும்ப எடை போடுங்க. 10 வரிசைக்கு 6 கிராம் போச்சு, கையில 80 கிராம் இருக்குன்னு வைங்க, அதுல பார்டருக்கும் முடிக்கறதுக்கும் தைக்கறதுக்கும் 10 கிராம் எடுத்து தனியா வெச்சிடுங்க, மீதி 70 கிராமுக்கு சுமார் 115 வரிசை வரும். பேட்டர்ன்ல இன்னும் 160 வரிசை பாக்கின்னா பத்தாதுன்னு இன்னைக்கே தெரிஞ்சுடுச்சு. கண் அளவுல பாத்து "வந்துடும்"னு நம்பாதீங்க, உருண்டை சின்னதாகச் சின்னதாக நம்ம கண்ணு நம்மளையே ஏமாத்தும்.

அப்புறம் கேஜ், அதாவது 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருதுங்கறது. இது மாத்து நூல் வழிக்குத்தான் ரொம்ப வேணும், அங்க சொல்றேன்.

வழி 1: அதே நூலைத் தேடிக் காத்திருக்கறது

எல்லாருக்கும் முதல்ல தோணறது இதுதான். பேட்டர்னைத் தொட வேண்டாம், கணக்கு போட வேண்டாம், அதே பிராண்டு அதே கலர் நம்பர் கிடைச்சா போதும். வர்த்மான், ஓஸ்வால் மாதிரி லூதியானா கம்பெனி நூல்னா ஒரு கடையில இல்லன்னாலும் இன்னொரு ஊர்ல கிடைக்க வாய்ப்பு இருக்கு. ஊட்டி, கொடைக்கானல்ல யாராவது தெரிஞ்சவங்க இருந்தா கேளுங்க, வருஷம் பூரா குளிர் இருக்கற ஊர்ல பழைய ஸ்டாக் மூலையில கிடக்கும். வெளிநாட்டு நூல்னா பின்னறவங்களுக்கான ரேவல்ரி வெப்சைட்டுல அந்த நூலோட பக்கத்துக்குப் போய், விக்கறதுக்கோ மாத்திக்கறதுக்கோ வெச்சிருக்கறவங்க யாருன்னு பாக்கலாம், கம்பெனி நிறுத்திட்ட நூல் கூட சில பேர் பெட்டியில அப்படியே இருக்கும்.

மறைஞ்சிருக்கற செலவு ரெண்டு. ஒண்ணு லாட். கலர் நம்பர் ஒண்ணா இருந்தாலும் சாயம் போட்ட தொட்டி வேறன்னா கலர் லேசா மாறும், கடை டியூப்லைட்ல தெரியாது, வெயில்ல போட்டுப் பாத்தா நெஞ்சுக்கு குறுக்க ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். அதுக்கு வழி இருக்கு, பழைய லாட்ல ரெண்டு வரிசை புது லாட்ல ரெண்டு வரிசைன்னு ஒரு 10, 15 செ.மீ.க்கு மாத்தி மாத்திப் பின்னிட்டே வந்து அப்புறம் முழுசா புதுசுக்கு மாறிடுங்க, கண்ணுக்கு எல்லை தெரியாது. நான் கடைசி உருண்டை கையில இருக்கும்போதேன்னு சொன்னது இதுக்காகத்தான். கலந்து பின்ன பழசு போதாதுன்னா புது லாட்டை கை ரெண்டுக்கும், இல்ல கழுத்து பார்டர், பட்டன் பட்டிக்கும் வெச்சுக்கோங்க, பின்னல் டிசைன் மாறற இடத்துல கலர் வித்தியாசம் அவ்வளவா தெரியாது.

ரெண்டாவது செலவு நேரம், அது உங்க கையில இல்ல. 2025ல அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க இதை நல்லாவே பட்டாங்க. நூல், கைவேலை சாமான் விக்கற ஜோஆன் கடைங்க மே மாசக் கடைசிக்குள்ள எல்லா ஊர்லயும் மூடிட்டாங்க, அவங்க சொந்த பிராண்டு பிக் ட்விஸ்ட்ல பாதி போர்வை போட்டுட்டு இருந்தவங்க அப்படியே நின்னாங்க, பிறகுதான் அந்த பிராண்டை மைக்கேல்ஸ்ங்கற இன்னொரு கைவேலைக் கடை கம்பெனி வாங்கிச்சு. அந்த ஆகஸ்ட்லயே சின்ன பார்சலுக்கு இருந்த வரி விலக்கை அமெரிக்கா நிறுத்தினதும் இந்தியா போஸ்ட் உட்பட நிறைய நாட்டு தபால் துறைங்க அங்க போற பார்சல்ல பெரும்பாலானதை கொஞ்ச காலம் நிறுத்தி வெச்சாங்க, ஊர்ல இருந்து அம்மா நூல் வாங்கி அனுப்பறேன்னாலும் வழி இல்ல. ஒரு பிராண்டு கை மாறி திரும்ப கடைக்கு வந்தாலும் பேர் ஒண்ணுதானேன்னு நேரா பின்ன ஆரம்பிக்காதீங்க, சின்னதா ஒரு மாதிரித் துண்டு (சாம்பிள்) பின்னி பழசோட பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு அப்புறம் பின்னுங்க.

எப்போ இது சரி: பெரும்பகுதி முடிஞ்சிருக்கு, ஒரே கலர் பிளெயின் ஸ்வெட்டர், தேதி அவசரம் இல்ல. ஒரு கெடு வெச்சுக்கோங்க, இந்த தேதிக்குள்ள கிடைக்கலன்னா அடுத்த வழின்னு.

வழி 2: மாத்து நூல்

இன்னும் ஆரம்பிக்கலன்னா, இல்ல பார்டர் மட்டும் போட்டிருக்கீங்கன்னா எனக்குப் பிடிச்ச வழி இதுதான். ஆனா பெரும்பாலானவங்க கலரைப் பாத்து வாங்கறாங்க, கிராமைப் பாத்து வாங்கறாங்க, பிரச்சனை அங்கதான் வருது. நூலை மீட்டர் கணக்குல வாங்கணும்.

ஒரு குழந்தை ஸ்வெட்டருக்கு டிகே கனத்துல (ரொம்ப மெல்லிசும் இல்லாத, தடிமனும் இல்லாத நூல்) 450 மீட்டர் வேணும்னு வைங்க. பேட்டர்ன்ல சொன்ன கம்பளி 50 கிராமுக்கு 110 மீட்டர், அப்ப 5 உருண்டை, 250 கிராம். அது கிடைக்கலன்னு பருத்தி நூல் 250 கிராம் வாங்கிட்டு வர்றீங்க. பருத்தி கனமான இழை, அதே டிகே கனத்துல 50 கிராமுக்கு 85 மீட்டர்தான் வரும், 5 உருண்டைக்கு 425 மீட்டர். 25 மீட்டர் குறையுது, ரெண்டாவது கையோட நுனியில போய் மாட்டிப்பீங்க. 6 உருண்டை வாங்கியிருக்கணும். அதே ஸ்வெட்டருக்கு அக்ரிலிக்னா கதையே வேற, 100 கிராமுக்கு 295 மீட்டர் வர்ற டிகே அக்ரிலிக் இருக்கு, ரெண்டு உருண்டையில முடிஞ்சு மிச்சமும் இருக்கும். எடையை மட்டும் பாத்து வாங்கினா பருத்தியில குறையும், அக்ரிலிக்ல காசு வீணாகும்.

அடுத்தது கேஜ். டிகேன்னா வழக்கமா 4 மி.மீ. ஊசியில 10 செ.மீ.க்கு 22 கண்ணி. உங்க மாத்து நூல்ல 20 கண்ணிதான் வருதுன்னு வைங்க, ரெண்டுதானேன்னு விட்டுடக் கூடாது. மார்பு சுத்தளவு 60 செ.மீ. வேணும்னு பேட்டர்ன் 132 கண்ணி சொல்லுது, 20 கேஜ்ல அதே 132 கண்ணி 66 செ.மீ. ஆயிடும். ஒண்ணு ஊசியை ஒரு சைஸ் குறைச்சு 22 வருதான்னு பாருங்க, துணி அட்டை மாதிரி விறைப்பா ஆயிட்டா அது வேணாம், 120 கண்ணி வர்ற சின்ன சைஸ் கணக்கை எடுத்துக்கிட்டு நீளத்தை மட்டும் பழைய சைஸுக்கு வெச்சுக்கோங்க. மாதிரித் துண்டை துவைச்சு காய வெச்ச அப்புறம்தான் அளக்கணும், பருத்தி துவைச்சதும் ஒரு ஆளாவும் காய்ஞ்சதும் இன்னொரு ஆளாவும் இருக்கும்.

சரியான கனம் கிடைக்கலன்னா மெல்லிசு நூல் ரெண்டு இழை சேர்த்துப் பின்னலாம், 4 ப்ளைங்கற மெல்லிசு நூல் ரெண்டு இழை சேர்த்தா டிகேயை விட கொஞ்சம் தடிமனாவே வரும். திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு கோன்ல சுத்தின பருத்தி நூல் சல்லிசா கிடைக்கும், ஆனா அது மெஷினுக்கான நூல், ரொம்ப மெல்லிசு, நாலஞ்சு இழை சேர்க்கணும், ஊசி நுனி இழைகளுக்கு நடுவுல பூந்து பூந்து வேலை மெதுவாத்தான் போகும்.

பருத்திக்கு கம்பளி மாதிரி இழுத்து விட்டா திரும்பற குணம் கிடையாது, மணிக்கட்டு பார்டர், இடுப்பு பார்டர் எல்லாம் நாளடைவுல தொளதொளன்னு ஆயிடும். பருத்தின்னா பார்டரை ஒரு சைஸ் சின்ன ஊசியில போடுங்க. அக்ரிலிக்ல இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, சூடு பட்டா உயிர் போய் சப்புன்னு தொங்கும், திரும்ப வராது.

பாதி பின்னின உடுப்புல நூல் வகையை மாத்தறதுதான் நான் வேண்டாம்னு சொல்ற ஒரே விஷயம். உடம்பு கம்பளி, கை அக்ரிலிக்னு போட்டா போட்டோல அழகா இருக்கும், நாலு தடவை துவைச்சதும் ஒண்ணு சுருங்கி ஒண்ணு அப்படியே இருந்து தோள்பட்டையில சுருக்கு விழுந்துடும்.

எப்போ இது சரி: வேலை இன்னும் ஆரம்பிக்கல, இல்ல துவைக்கறவங்களுக்காக நூல் வகையே மாறணும். வெளிநாட்டு பேட்டர்ன்ல சொன்ன நூலுக்கு ஈடு என்னன்னு யார்ன்சப் தளத்துல தேடினா கனம், மீட்டர், இழை வகை எல்லாம் ஒப்பிட்டுக் காட்டும், அந்த அளவுகளை எழுதி எடுத்துட்டு கடைக்குப் போங்க.

வழி 3: இருக்கற நூலுக்கு டிசைனை மாத்தறது

இந்த வழிக்குத்தான் நான் அதிகமா ஓட்டுப் போடுவேன், ஆனா கேக்கற யாருக்கும் இது முதல்ல தோணறதில்ல, பேட்டர்ன்ல போட்டிருக்கறதை மாத்தக் கூடாதுன்னு ஒரு பயம் இருக்கு.

முழுக்கை ஸ்வெட்டர்ல மொத்த நூல்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கை ரெண்டுக்கும் போகுது. அப்ப கையில்லாத ஸ்லிப்ஓவரா மாத்தினா அவ்ளோ நூல் மிச்சம், சட்டைக்கு மேல போட்டுக்கறதுக்கு சென்னை, மதுரை குளிருக்கு அதுவே தாராளம். அக்குள்ல கண்ணி எடுத்து ஒரு விரல் அகலத்துக்கு பார்டர் போட்டுட்டா வேலை முடிஞ்சது, தையல் கூட குறைவு. முக்கால் கை வெக்கலாம், நீளத்தை ஒரு நாலு செ.மீ. குறைக்கலாம். மேல இருந்து கீழ பின்னற பேட்டர்ன்னா ரொம்ப சௌகரியம், நூல் எங்க தீருதோ அங்க நிறுத்திக்கலாம். நூல் பத்துமான்னு சந்தேகம் இருக்கற வேலையில கழுத்து, தோள் முடிஞ்சதும் உடம்பை ஓரமா நிறுத்தி வெச்சிட்டு முதல்ல கை ரெண்டையும் பின்னிடுங்க, மீதி நூல் எவ்ளோ இருக்கோ அவ்ளோ நீளம் உடம்பு. கை ரெண்டும் ஒரே நீளமா இருக்கணும், உடம்பு மூணு செ.மீ. குட்டையானா யாருக்குத் தெரியப்போகுது.

கோடு போடறது இன்னொரு வழி. இங்க ஒரு விஷயம் கவனிங்க, கிட்டத்தட்ட ஒத்துப்போற கலரை சேர்க்காதீங்க, அது நூல் கிடைக்காம சமாளிச்சதுன்னு கத்திச் சொல்லும். சாம்பல் தீர்ந்துடுச்சா, இன்னொரு சாம்பல் தேடாதீங்க, மாம்பழ மஞ்சளோ மெரூனோ எடுங்க. அதை ஒரே இடத்துல வெக்காம கழுத்து பார்டர்லயும் கை நுனியிலயும்னு ரெண்டு இடத்துலயாவது வெச்சா ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் நினைச்சோம்னு இருக்கும். ரெண்டு நூலும் ஒரே வகை, ஒரே கனமா இருக்கணும்ங்கறதை மட்டும் மறந்துடாதீங்க.

பின்னல் மாதிரியை மாத்தியும் நூலை மிச்சம் பண்ணலாம். கேபிள் (ஜடை மாதிரி முறுக்கிப் போடற டிசைன்) பிளெயினை விட நிறைய நூல் சாப்பிடும், ஏன்னா அது துணியை உள்ளுக்கு இழுக்குது, அதே அகலத்துக்கு அதிக கண்ணி வேணும். எல்லா வரிசையும் நேர் கண்ணியாவே போடற கார்ட்டரும் அப்படித்தான், வரிசைங்க நெருங்கி உக்காரும். முன்பக்கம் கேபிள் இருந்தா கையை பிளெயினா விட்டுடுங்க, அகலத்துக்கு ஏத்த மாதிரி கண்ணியை மட்டும் குறைச்சுக்கணும்.

மறைஞ்சிருக்கற செலவுன்னா உங்க கணக்கு நேரம்தான், ஒரு சாயங்காலம் பேப்பர் பென்சிலோட உக்காரணும். அப்புறம், வாங்கிக்கப்போறவங்க முழுக்கை கேட்டிருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

எப்போ இது சரி: தேதி நெருங்கிடுச்சு, காசு போட முடியாது, பாதிக்கு மேல முடிஞ்சிருக்கு.

வழி 4: பிரிச்சு வேற பண்றது, இல்ல தள்ளி வெக்கறது

பிரிக்கறதுன்னா மனசு வலிக்கும்தான். ஆனா அளவே சரியா வரலன்னா, நூலும் பத்தலன்னா, இழுத்துப் பிடிச்சு முடிக்கற ஸ்வெட்டர் அலமாரியிலதான் கிடக்கும். பிரிச்ச நூல் சுருள் சுருளா இருக்கும், அப்படியே பின்னினா கண்ணி சமமா வராது. நாற்காலி முதுகுல சுத்தி கண்டா, அதாவது பெரிய வளையமா எடுத்து நாலு இடத்துல தளர்வா கட்டி, வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில நனைச்சு, பிழியாம துண்டுல அழுத்தி எடுத்து நிழல்ல தொங்க விட்டா கம்பளி நேராயிடும். மொஹேர் மாதிரி முடி நிக்கற நூல் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், வெல்வெட் நூல் பிரிக்கும்போதே உதிர ஆரம்பிக்கும், அந்த ரெண்டையும் பிரிக்கற வழின்னு கணக்குலயே வெக்காதீங்க.

மிச்சம் மீதி பல கலர்ல இருக்கா, துண்டு துண்டா போட்டு இணைக்கற போர்வை போடுங்க. 2016 ஜனவரில சென்னையில மதர் இந்தியா குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர்ல போர்வை போட்டு கின்னஸ் வாங்கினது, பல பேர் தனித்தனியா போட்ட துண்டுகளை ஒண்ணா இணைச்சுத்தான். அந்த மாதிரி வேலையில லாட் மாறினாலும் கலர் மாறினாலும் குறையா தெரியாது.

தள்ளி வெக்கறதா இருந்தா ஊசியில விடாதீங்க, கண்ணிங்க இழுத்து தடம் விழும். கண்ணியெல்லாம் ஒரு வேற கலர் நூல்ல கோத்து, ஊசி சைஸ், எந்த வரிசை, லாட் நம்பர் எழுதின சீட்டோட பையில போட்டு வையுங்க, ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா எதுவுமே ஞாபகம் இருக்காது.

ஒரே பார்வையில

| வழி | நேரம் | காசு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு சரி |
|---|---|---|---|---|
| அதே நூல் | சொல்ல முடியாது | நடுத்தரம், கூரியர் வேற | லாட் வித்தியாசம் | அவசரம் இல்லாதவங்க, முக்கால்வாசி முடிச்சவங்க |
| மாத்து நூல் | மாதிரித் துண்டு போட ரெண்டு நாள் | அதிகம் | மீட்டர் குறையறது, பார்டர் தளர்றது | இன்னும் ஆரம்பிக்காதவங்க |
| டிசைன் மாத்தறது | ரொம்ப குறைவு | செலவே இல்ல, இல்லன்னா ஒரு உருண்டை | கணக்கு போடற நேரம் | தேதி நெருங்கினவங்க |
| பிரிக்கறது | அதிகம் | இல்ல | நூல் நைஞ்சு போறது | அளவே தப்பா வந்தவங்க |

நூல் இருக்கு, ஊசி இல்லன்னா

இது சின்ன விஷயம், ஆனா நிறைய பேர் இதுல தப்பான ஊசி வாங்கிடறாங்க. நம்ம ஊர்ல போனி பிராண்டு ஊசி பழைய பிரிட்டிஷ் நம்பர்ல வரும், அதுல 8ன்னா 4 மி.மீ., நம்பர் ஏற ஏற ஊசி மெல்லிசாகும், 10ன்னா 3.25 மி.மீ. அமெரிக்க பேட்டர்ன்ல 8ன்னா 5 மி.மீ., அங்க நம்பர் ஏற ஏற ஊசி தடிமனாகும். அமெரிக்க பேட்டர்னைப் பாத்து கடையில 8 குடுங்கன்னு கேட்டு வாங்கினா ஸ்வெட்டர் ஒரு சைஸுக்கு மேல சின்னதாயிடும், அப்புறம் நூல் மேல பழி போடுவோம். மி.மீ. சொல்லி வாங்குங்க.

வட்ட ஊசி கேபிள் உடைஞ்சு அதே சைஸ் கிடைக்கலன்னா, நீளமான கேபிள் இருக்கறதை வாங்கி நடுவுல ஒரு வளையம் வெளிய இழுத்து விட்டு பின்னுங்க, மேஜிக் லூப்னு தேடினா வீடியோ நிறைய இருக்கு, கை, தொப்பி எல்லாம் ஒரே ஊசியில வந்துடும். மூங்கில்ல இருந்து ஸ்டீலுக்கு மாறினா அதே மி.மீ.லயே கண்ணி தளர்வா வர வாய்ப்பு இருக்கு, நூல் வழுக்கிட்டு ஓடும். பாதி வேலையில ஊசி மாறுதுன்னா முதல் 10 வரிசையைப் பின்னி முன்னாடி பின்னினதோட பக்கத்துல வெச்சு அளந்துட்டு மேல போங்க, தளர்வா இருந்தா அரை மி.மீ. குறைஞ்ச ஊசிக்கு மாறிடுங்க.